கடனட்டையும் மறுப்புரிமையும்

தமிழிற் 'கடன்' என்னுஞ் சொல் இருபொருள் உடையது. ஒருவர் பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளையும் அது குறிக்கும். ஒருவர் தவறாது ஆற்றவேண்டிய கடமையையும் அது குறிக்கும். காலைக்கடன், நன்றிக்கடன், பெற்றோர்க்குச் செய்யுங் கடன் என்னும் வழக்குகளை நோக்குக. பட்ட கடனைத் தீர்த்தல் கடமை என்பதனை நம் முன்னோர் ஒரு சொல்லினுள்ளேயே அடக்கி வைத்தனர் போலும். பவுல் அப்போஸ்தலரும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், கொடுக்கவேண்டியதை அவரவர்க்குக் கொடுத்துவிடுமாறும், அன்பொழிய வேறொரு கடனும் வைத்திராதிருக்குமாறும் அறிவுறுத்துகின்றார்.

இது பட்ட கடனைப் பற்றிய நெறி. படாத கடனை ஒருவர் வந்து கேட்பாராயின் என் செய்வது? கொடுத்துவிட்டு வாளா இருப்பது அடக்கம் ஆகாது. அது பிழை செய்தாரை மேலும் பிழை செய்யத் தூண்டுவதாகும். 'கொடேன்' என்று முகந்திருப்பிக் கொண்டு போவதும் போதுமோ? போதாதென்பதே இக்கட்டுரையிற் காட்டப் புகுவது. கிரெடிட் கார்டு என்று வழங்கும் கடனட்டையின் கணக்கிற் பிழையான தொகையொன்று ஏறியவிடத்து அதனைச் செலுத்த மறுத்தால் விளைவன யாவை, அம்மறுப்பு எந்நெறியிற் சென்றால் நம்மைக் காக்கும், எந்நெறியிற் சென்றால் நம்மையே வருத்தும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். நம் கல்லூரியினின்று வெளியேறி முதற் சம்பளம் பெறும் மாணவர்க்கு, அச்சம்பளத்தின் பின்னேயே கடனட்டையும் வந்து சேர்கின்றது. ஆதலின் இவ்வாராய்ச்சி அவர்க்கு வேண்டப்படுவதொன்றாம்.

பழைய வழக்கொன்று

கொடுக்கவேண்டியதென்று ஒருவர் சாதிப்பதும், இல்லையென்று மற்றொருவர் மறுப்பதும் நம் இலக்கியத்திற்குப் புதியவல்ல. சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்னும் பகுதி, ஒருவகையில் நோக்கின், ஓர் ஆவண வழக்கின் வரலாறேயாம். நம்பியாரூரருக்குப் புத்தூரில் மணம் நிகழவிருந்தபோது முதியவர் ஒருவர் வந்து, ஆரூரர் தமக்கு வழிவழி அடிமையென்றும், ஆரூரருடைய பாட்டனார் எழுதித் தந்த ஓலை தம் கையில் உள்ளதென்றும் கூறினார். ஆரூரர் அதனை நம்பவில்லை. வெகுண்டு ஓடிச்சென்று அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார்.

கிழித்ததனால் வழக்கு முடிந்ததா? இல்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையத்திற்கு அவ்வழக்குச் சென்றது. அவையினர் முதியவரை நோக்கி, நெடுநாள் ஆட்சி, எழுதிய ஆவணம், அயலார் சான்று என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டவேண்டுமென்று கேட்டனர். முதியவரோ, கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை தம்மிடம் உள்ளது என்று கூறி அதனை அவையிற் காட்டினார். பாட்டனாருடைய கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிடத்தினின்றும் வருவித்து ஒப்புநோக்கிய பின்னரே அவையினர் தீர்ப்புக் கூறினர்.

சமயப் பொருளை அச்சமயத்தார்க்கே விட்டு, வழக்கு முறையை மாத்திரம் நோக்குவார்க்கு இதன்கண் மூன்று உண்மைகள் புலனாம். முதலாவது, கையிலுள்ள படியைக் கிழித்தலால் மூலம் அழியாது. இரண்டாவது, கடனுண்டு என்று சாதிப்பவரே சான்று காட்டுதற்குரியர். மூன்றாவது, மறுப்பென்பது அவையின்முன் சொல்லப்பட்டாலன்றி வலிவு பெறாது. இம்மூன்றும் இன்றைய கடனட்டை வழக்கிற்கும் பெரிதும் பொருந்துதலை இனிக் காண்பாம்.

கடனட்டையின் இயல்பு

கடனட்டையால் நாம் ஒரு கடையிற் பொருள் வாங்கும்போது கடைக்காரர்க்கு நாம் பணங் கொடுப்பதில்லை. அட்டை தந்த வங்கி, கடைக்காரருடைய வங்கியின் வழியாக அவர்க்குப் பணத்தைச் சேர்ப்பிக்கின்றது. இவ்விரு வங்கிகளையும் இணைத்து விதி வகுப்பன விசா, மாஸ்டர்கார்டு, ரூபே முதலிய வலையமைப்புகள். ரூபே என்பது நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இவ்வாறு கடைக்காரர்க்குப் பணம் சேர்ந்தபின், நாம் கடன்பட்டிருப்பது கடைக்கன்று, வங்கிக்கேயாம்.

இதனை உணராமையே பல துன்பங்கட்குக் காரணம். "பொருள் வரவில்லை, ஆகவே பணம் தரமாட்டேன்" என்று ஒருவர் கூறுகின்றார். கடைக்காரரை நோக்கிக் கூறின் அஃது முறையே. ஆயின் அவர் செலுத்தாது நிறுத்தி வைப்பது வங்கியின் பணம். வங்கியோ பொருள் வந்ததையும் வாராததையும் அறியாது. தன் கணக்கில் எழுதப்பட்டிருப்பதையே அறியும். மாதந்தோறும் வரும் ஸ்டேட்மெண்டு என்னுங் கணக்குச்சீட்டு நம் கையிலுள்ள படியோலை; மூலவோலை வங்கியின் ஏட்டில் உள்ளது. சீட்டைக் கிழித்தெறிவதும், பாராது மூலையில் இடுவதும், அழைக்கும் தொலைபேசியை எடாதிருப்பதும் ஆகிய யாவும் படியோலையைக் கிழித்தலேயாம்.

மறுப்பின் வகைகள்

மறுக்கப்படுந் தொகைகள் நால்வகைப்படும். அட்டைக்குரியவர் அறியாமலே திருடர் செலவிட்டது முதல்வகை. ஒரே தொகை இருமுறை ஏறுதல், 500 ரூபாய் 5,000 ரூபாயாக ஏறுதல் போன்ற கணக்குப் பிழை இரண்டாம்வகை. பணம் சென்றும் பொருள் வாராமை, வந்த பொருள் சொன்னபடி இராமை, திருப்பியனுப்பிய பொருளின் விலை மீளாமை என்பன மூன்றாம்வகை. நாம் இசையாத காப்புறுதிக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் முதலியவற்றை வங்கியே ஏற்றுதல் நான்காம்வகை.

இவ்வேறுபாடு அறியவேண்டுவது என்னை எனின், மருந்து நோய்க்கேற்ப வேறுபடுமாகலின். முதல்வகையில் ஒவ்வொரு நாளும் விலையுடையது. உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை முடக்கவேண்டும். 1930 என்னும் இணையக்குற்ற உதவி எண்ணிற்கும் அறிவித்தல் நன்று. மூன்றாம்வகையில் முதற்கண் கடைக்காரரிடம் முறையிட்டு, அதற்குச் சான்று வைத்துக்கொண்டு, பின்னரே வங்கியை அணுகவேண்டும். அப்பொழுது வங்கி, சார்ஜ்பேக் என்னும் முறையால் அத்தொகையைக் கடைக்காரருடைய வங்கியினிடம் திருப்பிக் கேட்கும். கடைக்காரர் தம் சான்றைக் காட்டி எதிர்வழக்காடலும் உண்டு. இம்முறையீட்டிற்கு வலையமைப்புகள் காலவெல்லை வகுத்துள்ளன. காலங்கடந்தால் நியாயம் நம் பக்கம் இருந்தும் வழி அடைபட்டுப்போம்.

வாளா மறுப்பதன் விளைவுகள்

ஒருவர் யார்க்கும் எழுதாது, செலுத்துதலை மட்டும் நிறுத்திவிட்டார் எனக் கொள்வோம். விளைவுகள் படிப்படியாக வரும்.

முதற்படி அபராதமும் வட்டியும். கெடுநாள் கடந்து மூன்று நாட்களுக்கு மேலான பின்னரே தாமதக் கட்டணம் விதிக்கவும், கடன் தகவல் நிறுவனங்கட்கு அறிவிக்கவும் வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் வெளியிட்ட கடனட்டை விதித்தொகுதி வரையறுத்தது. மூன்று நாள் கழிந்தபின் அக்காப்பு இல்லை. கடனட்டை வட்டி மாதத்திற்கு 3 முதல் 3.75 விழுக்காடு வரை வழங்குவது. ஆண்டிற்கு 36 முதல் 45 விழுக்காடு ஆகும். இவ்வட்டி 30 விழுக்காட்டை மிஞ்சுதல் கூடாதென்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ஆம் ஆண்டிற் கூறியிருந்தது. அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் நீக்கிவிட்டது. ஆதலின் அவ்வரம்பை நம்பியிருத்தற்கு இடமில்லை. வட்டியின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் ஏறும். அன்றியும், முன்மாதத் தொகையில் ஒரு பகுதி நின்றாலும், புதிதாக வாங்கும் பொருட்கு வட்டியில்லாத் தவணை கிடையாது போகும். மறுத்தது ஒரு தொகை. வட்டி ஏறுவது மறுக்காத தொகைகட்கும்.

இரண்டாம்படி நற்பெயர்க் கேடு. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கின்றன. அவை 300 முதல் 900 வரை மதிப்பெண் இடும். தவணை தவறிய செய்தி அங்குப் பதியின் மதிப்பெண் வீழும். பின்னாளில் வீட்டுக்கடன், தொழிற்கடன் என எதனை வேண்டினும் அவ்வேட்டையே வங்கிகள் முதலிற் புரட்டுவன. குறைந்தபட்சத் தொகையும் கெடுநாளினின்று 90 நாட்களுள் செலுத்தப்படாவிடின் அக்கணக்கு வாராக்கடன் என்னும் வகுப்பிற் சேரும்.

வேலை தேடும் மாணவர்க்கு இதனினும் நெருங்கிய செய்தியொன்று உண்டு. பாரத ஸ்டேட் வங்கி, கடன் வரலாறு செவ்விதாக இல்லாத ஒருவர்க்கு அளித்த பணிநியமனத்தை நீக்கியது முறையே என்று 2025-ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்தது. பிறர் பணத்தைக் கையாளும் பணிக்கு வருவோரிடம் பணவொழுக்கம் எதிர்பார்க்கப்படும் என்பதே அதன் கருத்து. சிறியதொரு தொகையை நியாயமாகவே மறுத்தவரும், முறை தவறி மறுத்தாராயின், பணவொழுக்கம் இல்லாதவருடைய வரிசையில் நிறுத்தப்படுவர். இது சிந்தித்தற்குரியது.

மூன்றாம்படி வசூலிப்பாரும் வழக்கும். வசூல் முகவர் அழைப்பர். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைத்தல் ஆகாதென்றும், அச்சுறுத்தல் இழித்துரைத்தல் ஆகாவென்றும் ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டிற் கட்டளையிட்டது. அவர் வரம்பு மீறின் நாம் முறையிடலாம். ஆயின் அவர் வரம்பு மீறியதனாற் கடன் நீங்காது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி இத்தகைய கடனுக்கு வழக்கிடுங் காலம் பொதுவாக மூன்றாண்டு. கடன் செலுத்தாமை ஒன்றினாலேயே போலீசார் சிறைப்படுத்துவர் என்று முகவர் கூறுவது வெற்றச்சமேயாம். இது குற்றவியல் வழக்கன்று, உரிமையியல் வழக்கு. அட்டையையே முடித்துவிடலாம் என்று கருதுவார்க்கும் தடையுண்டு. முடிக்க வேண்டி எழுதினால் 7 வேலை நாட்களுள் வங்கி முடித்தல் வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் விதி. ஆயின் நிலுவை யாதும் இல்லாதிருந்தாற்றான் அவ்விதி பயன்படும்.

முறையாக மறுப்பார்க்குள்ள காப்பு

இனி, எழுத்தாலும் காலத்தாலும் முறை தவறாது மறுப்பவர்க்குள்ள காப்பினைக் காண்பாம். முற்கூறிய 2022-ஆம் ஆண்டு விதித்தொகுதி நான்கு காப்புகளை நல்கிற்று. தவறான கணக்குச்சீட்டு அனுப்புதலாகாது. அட்டைக்குரியவர் ஒரு தொகையை மறுப்பின் 30 நாட்களுள் வங்கி விளக்கமும், வேண்டுமிடத்து ஆவணச் சான்றும் தருதல் வேண்டும் என்பது ஒன்று. மோசடியென்று மறுக்கப்பட்ட தொகையின்மேல், வழக்குத் தீருமளவும் கட்டணம் யாதும் விதித்தலாகாது என்பது இரண்டு. ஒருவரைத் தவணை தவறியவரென அறிவிக்குமுன் அவர்க்கு முன்னறிவிப்புக் கொடுத்தல் வேண்டும் என்பது மூன்று. வழக்கு நிலுவையில் உள்ளவிடத்து மிக்க கவனத்தோடு இருத்தல் வேண்டும். அது தீர்ந்த பின்னரே தவறியவரென வெளியிடுதல் வேண்டும் என்பது நான்கு.

திருடர் செலவிட்ட தொகையைப் பற்றி 2017-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் வெளியான சுற்றறிக்கை தெளிவான அளவைகளை வகுத்தது. வங்கியின் குறையால் நேர்ந்ததாயின் நமக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் நாமும் அல்லாத பிறிதோரிடத்துக் குறையால் நேர்ந்து, செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுள் அறிவித்தாலும் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுள் அறிவித்தால், 5,00,000 ரூபாய் வரை வரம்புள்ள கடனட்டைக்கு மிகுதியாக 10,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட அட்டைக்கு மிகுதியாக 25,000 ரூபாயும் நம் பொறுப்பு. நாமே ஓ.டி.பி. என்னும் மறையெண்ணைப் பிறர்க்குச் சொல்லியிருப்பின், வங்கிக்கு அறிவிக்கும் வரையில் நேர்ந்த இழப்பு முழுவதும் நம்முடையது. அறிவித்த பின்னர் நேர்வது வங்கியினுடையது. அறிவித்த 10 வேலை நாட்களுள் அத்தொகையை நிழல்வரவாகக் கணக்கில் வைக்கவும், 90 நாட்களுள் வழக்கைத் தீர்க்கவும் வங்கி கடமைப்பட்டது. அன்றியும், பொறுப்பு நம்முடையதென்று மெய்ப்பிக்கும் பாரமும் வங்கியின்மேலதே என்று அச்சுற்றறிக்கை கூறிற்று. சான்று காட்டுக என்று வெண்ணெய்நல்லூர் அவையினர் சாதித்தவரை நோக்கிக் கேட்ட கேள்வியும் இதுவேயன்றோ?

இவ்விதிகள் காலந்தோறும் திருத்தப்பெறுவன. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் பழைய சுற்றறிக்கைகளை ஒருங்கு தொகுத்துப் புதிய வரிசையில் வெளியிட்டது. ஆதலின் வழக்கு நேர்ந்தபோது அப்பொழுதுள்ள விதியினை நோக்கி நடத்தல் அறிவுடைமை.

கடல் கடந்த நாட்டிலும் நெறி இதுவே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கடன்கணக்கு நேர்மைச் சட்டம், வழக்குத் தீரும்வரை மறுத்த தொகையை மாத்திரம் செலுத்தாது நிறுத்திவைக்க வெளிப்படையாகவே உரிமை தருகின்றது. அதுவரை அவரைத் தவறியவரென அறிவித்தலையும் தடுக்கின்றது. ஆயினும் பிழையுள்ள கணக்குச்சீட்டு அனுப்பப்பெற்ற 60 நாட்களுள் எழுத்தால் அறிவித்தவர்க்கே அவ்வுரிமை உண்டு. மறுக்காத எஞ்சிய தொகையை அவர் செலுத்தியே தீரவேண்டும். அந்நாட்டுச் சட்டமும் வாய்மூடி மறுப்பாரைக் காப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஓர் ஆசிரியருடைய கணக்குச்சீட்டு 18,000 ரூபாய் காட்டுவதாகக் கொள்வோம். அதில் 12,000 ரூபாய் ஐயமற்றது. எஞ்சிய 6,000 ரூபாய், விலை கொடுத்தும் வந்துசேராத பொருளுக்குரியது. வட்டி மாதத்திற்கு 3.5 விழுக்காடு என்க. கணக்கு எளிதாதற்பொருட்டுத் தாமதக் கட்டணத்தையும் வட்டிக்கு வட்டியையும் ஒழித்து நோக்குவோம்.

அவர் சினங்கொண்டு ஒன்றுமே செலுத்தாராயின், 18,000 ரூபாய்க்கு மாதவட்டி 630 ரூபாய். வரி 113 ரூபாய் 40 காசு. மூன்று மாதத்தில் 2,230 ரூபாய் 20 காசு வீணாம். நற்பெயர்க் கேடு வேறு.

12,000 ரூபாயைக் கெடுநாளுக்குள் செலுத்திவிட்டு, 6,000 ரூபாயை மட்டும் எழுத்தால் மறுத்து நிறுத்துகின்றார் எனின், வங்கி அத்தொகையைத் தற்காலிக வரவாக வைப்பின் அவர்க்கு இழப்பில்லை. வங்கி அவ்வாறு வையாது, முடிவில் வழக்கும் தோற்பின், மாதத்திற்கு வட்டி 210 ரூபாயும் வரி 37 ரூபாய் 80 காசுமாக, மூன்று மாதத்திற்கு 743 ரூபாய் 40 காசு சேரும். மோசடியல்லாத மறுப்பில் இவ்வாபத்து உண்டென்பதை மறவற்க. வழக்குத் தீருமளவும் கட்டணம் இல்லையென்னும் விதி மோசடியென மறுக்கப்பட்ட தொகையையே சொல்லிற்று.

மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. 18,000 ரூபாயையும் கெடுநாளுக்குள் செலுத்தி, "இதில் 6,000 ரூபாய் மறுப்புடன் செலுத்தப்படுகின்றது" என்று எழுதி, சார்ஜ்பேக் வழியாகத் திருப்பிக் கேட்டல். செலுத்தியமையால் முறையிடும் உரிமை அழியாது. மூன்று மாதம் அப்பணம் சேமிப்புக் கணக்கில் 3 விழுக்காடு ஆண்டுவட்டியில் இருந்திருந்தால் ஈட்டக்கூடிய 45 ரூபாயே அவர் இழப்பது. 743 ரூபாய் எங்கே, 45 ரூபாய் எங்கே! ஆயினும், கையிற் பொருளில்லாதார்க்கு 6,000 ரூபாயை முன்னே கட்டுதல் அரிது. ஆதலின் இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் அவரவர் நிலைக்கேற்பத் தெரிதற்குரியன. முதல்வழி ஒருவர்க்கும் உரியதன்று.

மறுப்புக் கடிதம்

மறுப்புக் கடிதம் சுருங்கியதாயும் தெளிவுடையதாயும் இருத்தல் வேண்டும். அதன் வாசகம் இவ்வாறு அமையலாம்:

"ஐயா, என் கடனட்டையின் ஈற்று நான்கு இலக்கங்கள் இவை. இன்ன நாளிட்ட கணக்குச்சீட்டில் இன்ன கடையின் பெயரால் 6,000 ரூபாய் ஏறியுள்ளது. விலை கொடுத்த பொருள் இந்நாள்வரை வந்துசேரவில்லை. கடைக்காரர்க்கு இன்ன இன்ன நாட்களில் எழுதிய கடிதங்களின் படிகளை இத்துடன் இணைத்துள்ளேன். இத்தொகையை யான் மறுக்கின்றேன். இதனைச் சார்ஜ்பேக் முறையால் மீட்டுத் தருமாறும், வழக்குத் தீருமளவும் வட்டியும் கட்டணமும் விதியாதிருக்குமாறும், கடன் தகவல் நிறுவனங்கட்கு என்னைத் தவறியவனாக அறிவியாதிருக்குமாறும் வேண்டுகின்றேன். எஞ்சிய தொகையை இன்ன நாளிற் செலுத்திவிட்டேன். இக்கடிதம் பெற்றமைக்கு எண்ணுடன் விடை தருக."

அட்டையின் முழு எண்ணையும், பின்புறத்து மூன்றிலக்க எண்ணையும், மறையெண்ணையும் எழுதற்க. தொலைபேசியிற் சொன்னதோடு அமையற்க. சொல் காற்றிற் போம், எழுத்து நிற்கும். வங்கி தரும் புகார் எண்ணைக் குறித்து வைக்க.

30 நாட்களுள் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவு தாராவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கிகள் பலவற்றிற்கும் பொதுவான ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 2021-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தையும் நாடலாம். கடன் வரலாற்றிற் பிழை பதிந்துவிட்டதாயின் அதனைத் திருத்தக் கோரலாம். 30 நாட்களுள் திருத்தம் முடியாவிடின் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2023-ஆம் ஆண்டு அக்டோபரிற் பணித்தது. தம் வரலாற்றறிக்கையை ஆண்டிற்கு ஒருமுறை விலையின்றிப் பெறும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. அதனைப் பெற்று நோக்குவார் சிலரே.

பொய்ம்மறுப்பு

மறுப்புரிமையின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. தாமே வாங்கித் தாமே நுகர்ந்த பொருளை 'யான் வாங்கவில்லை' என்று மறுப்பாரும் உளர். சிறுகடைக்காரர் ஒருவர் பொருளையும் இழந்து விலையையும் இழப்பது இதனால் நிகழ்கின்றது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 16-ஆம் அதிகாரத்தில் உக்கிராணக்காரன் தன் எஜமானுடைய கடனாளிகளை அழைத்துச் சீட்டுகளிற் கடனளவைக் குறைத்தெழுதச் செய்த கதை வருகின்றது. அவன் முன்யோசனை அங்குப் புகழப்பட்டதேயொழிய, அவன் 'அநீதியுள்ளவன்' என்னும் பெயரினின்று நீங்கவில்லை. பொய்யாக மறுப்பவர் ஒருவரை மட்டும் வஞ்சிப்பதில்லை. மெய்யாக மறுப்பார் அனைவருடைய சொல்லையும் ஐயத்திற்கு இடமாக்குகின்றார். வங்கி ஊழியர் நம் முறையீட்டைச் சந்தேகக் கண்ணோடு நோக்குவதற்கு அவரும் ஒரு காரணம். ஆகலின், மறுக்குமுன் வீட்டாரையும் ஒருகாற் கேட்டறிதல் தகும்; கடையின் பலகைப்பெயரும் கணக்குச்சீட்டுப் பெயரும் வேறாயிருத்தலும் உண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், செலுத்த மறுத்தல் வேறு, கடனை மறுத்தல் வேறு என்பது பெறப்படும். முன்னையது செயலொழிதல்; பின்னையது ஒரு செயல். முன்னையதை வங்கியின் ஏடு தவணை தவறுதல் என்றே எழுதிக்கொள்ளும்; பின்னையதை வழக்கு என்று எழுதவேண்டியதாகும். நாளறிந்து எழுதுதல், சான்றைப் பேணுதல், ஐயமற்ற தொகையைத் தவறாது செலுத்துதல், விடை வாராவிடின் மேலிடத்திற்குச் செல்லுதல் என்னும் நான்கும் உடையாரை விதிகள் காக்கும். இவை இல்லாதார்க்கு நியாயம் இருந்தும் பயன் சிறிதே.

ஆங்கிலமும் சட்டமொழியும் அறியாதார் பலர் இன்று கடனட்டை வைத்துள்ளனர். அவர்க்கு வருங் கணக்குச்சீட்டோ சிற்றெழுத்து ஆங்கிலத்தில் உள்ளது. பிழையைக் கண்டும், யார்க்கு எழுதுவது, என்னென்று எழுதுவது என்றறியாது, சிலர் அஞ்சிக் கட்டிவிடுகின்றனர். சிலர் வெகுண்டு கட்டாது விடுகின்றனர். இரண்டும் இழப்பே. படித்த மாணவர் ஒருவர் தம் தெருவில் அத்தகையார் ஒருவர்க்கு மேற்காட்டிய கடிதம்போல ஒன்று எழுதித் தருவாராயின், அது தாம் பெற்ற கல்விக்குச் செலுத்துங் கடனாம். அக்கடனை மறுத்தற்கு நம்மில் ஒருவர்க்கும் உரிமையில்லை.